ஈரம் காய்வதற்குள்

மார்ச் மாத விடியல். மேய்ச்சல் நிலத்தின் வேலியோரம் நாற்பது ஐம்பது சினைமாடுகள் படுத்து அசைபோடுகின்றன. இரவு முழுவதும் பெய்த பனி அவற்றின் முதுகில் விரற்கடைக் கனத்துக்கு அப்படியே கிடக்கிறது. பார்க்கிற நமக்கு, வாயில்லா ஜீவனை இப்படி வெட்டவெளியில் விட்டிருக்கிறார்களே என்று பதறும். மாட்டுக்காரருக்கோ அதுதான் நல்ல செய்தி. உடம்புச் சூடு வெளியே கசிந்திருந்தால் முதுகுப் பனி உருகி வழிந்திருக்கும். உருகவில்லை என்றால், குளிர்காலத்துக்கென்று அடர்ந்து வளர்ந்த ரோமம் சூட்டை உள்ளேயே பிடித்து வைத்திருக்கிறது என்று பொருள். அவர் பயப்படுவது வேறொன்றுக்கு. தண்ணீர் உறையும் நிலையை ஒட்டிய குளிரில், காற்றோடு சேர்ந்து அடிக்கும் மழைக்கு. பனி தூசியைப் போல ரோமத்தின் மேல் உட்கார்ந்துகொள்ளும். மழை உள்ளே இறங்கிவிடும்.

நான் சொல்லும் நிலம் அமெரிக்காவின் நடுவே, நெப்ராஸ்கா மாநிலத்தில் இருக்கிறது. பெயர் சாண்ட்ஹில்ஸ். மணற்குன்றுகள் என்றுதான் அர்த்தம். ஏறத்தாழ 50,000 சதுர கிலோமீட்டர். அந்த மாநிலத்தில் கால்வாசி, நம் தமிழ்நாட்டில் ஐந்தில் இரண்டு பங்கு. தூத்துக்குடிப் பக்கத்துத் தேரிக்காட்டைப் பார்த்தவர்கள், அந்த மேடுகள் மொத்தமும் புல் போர்த்திக்கொண்டு கண்ணுக்கெட்டிய தூரம் அலையலையாகப் போவதாக நினைத்துக்கொள்ளலாம். உழுதால் மணல் பறந்துவிடும். ஆகவே அங்கே பெரும்பாலும் புல்லும் மாடும்தான். ஒரு குடும்பம் நூற்றுக்கணக்கான மாடுகளை வைத்திருக்கும். அத்தனையையும் கட்டிவைக்கத் தொழுவம் கிடையாது. பால் கறப்பதும் இல்லை. கன்று தாயிடம் குடித்து வளர்ந்து, இலையுதிர் காலத்தில் சந்தைக்குப் போகும். அதுதான் வருமானம்.

அந்த அக்டோபர், நவம்பர் சந்தைதான் கன்றின் பிறந்தநாளையும் தீர்மானிக்கிறது. பசுவின் சினைக்காலம் சராசரியாக 283 நாள். மே மாத நடுவில் காளையை மந்தையில் விட்டால், பிப்ரவரி கடைசியில் ஈற்று தொடங்கும். பிப்ரவரியில் பிறந்த கன்று சந்தை நாளன்று எட்டு மாதக் கன்றாக, நல்ல எடையோடு நிற்கும். போதாததற்கு, கோடையில் புல் அறுத்து உலர்த்திச் சேமிக்கும் வேலை வந்துவிடும். ஈற்று வேலையை அதற்கு முன்பே முடித்துக்கொள்வது வசதி. இப்படி மனிதரின் நாட்காட்டிக்கு ஒத்துப்போகிறது என்பதற்காகக் கன்றுகள் பனிக்குள் பிறக்கின்றன.

தாய்க்குக் குளிர் பெரிய விஷயம் இல்லை. அதன் வயிற்றுக்குள்ளேயே ஓர் அடுப்பு எரிகிறது. மாட்டின் முதல் வயிறு ஒரு பெரிய நொதிக்கலம். அங்கே கோடானுகோடி நுண்ணுயிர்கள் நார்த்தீனியைப் புளிக்கவைக்கும்போது வெப்பம் பிறக்கிறது. உலர்புல் தின்னத் தின்ன அடுப்பு எரியும். நல்ல குளிர்கால ரோமம் வளர்ந்த, காய்ந்த உடம்புள்ள பசு, மைனஸ் 8 டிகிரி செல்சியஸ் வரைக்கும் கூடுதல் தீனி எதுவும் கேட்காமல் சமாளிக்கும். அதே பசு நனைந்துவிட்டால் அந்த எல்லை 15 டிகிரிக்கு ஏறிவிடுகிறது. கொடைக்கானலின் சாதாரணமான ஒரு மாலைநேரக் குளிரே நனைந்த மாட்டுக்கு அதிகம். எல்லைக்குக் கீழே இறங்கும் ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறத்தாழ 2 சதவீதம் கூடுதல் சக்தி வேண்டும். அதைத் தீனியாகக் கொடுக்காவிட்டால் பசு தன் உடம்பிலிருந்து எடுத்து எரிக்கும். கன்று வயிற்றுக்குள் வேகமாக வளர்வது கடைசி மூன்று மாதங்களில்தான். அந்த நேரத்தில் தாய் இளைத்தால் கன்று பலவீனமாகப் பிறக்கும், சீம்பாலும் குறையும். ஆகவே மார்ச்சில் பிறக்கப்போகும் கன்றைப் பார்த்துக்கொள்வது டிசம்பரிலேயே தொடங்கிவிடுகிறது. மாட்டுக்காரர்கள் விலா எலும்பு எத்தனை தெரிகிறது, வால் அடியில் எவ்வளவு கொழுப்பு இருக்கிறது என்று பார்த்து, 1 முதல் 9 வரை மதிப்பெண் போடுகிறார்கள். ஈற்றின்போது 5 அல்லது 6 இருந்தால் நிம்மதி. நம் ஊரில் மாடு வாங்கப் போகிற பெரியவர் ஒரே பார்வையில் போடும் கணக்குதான் இது. அவர்கள் அதற்கு எண் கொடுத்திருக்கிறார்கள்.

தீனியே எட்டாமல் போன குளிர்காலங்களும் உண்டு. 1949 ஜனவரியில் பனிப்புயல் ஓயாமல் அடித்து, மந்தைகளுக்கும் வைக்கோல் போர்களுக்கும் நடுவே ஆளுயரப் பனி குவிந்துவிட்டது. அமெரிக்க விமானப்படை சரக்கு விமானங்களிலிருந்து உலர்புல் கட்டுகளை மந்தைகளுக்கு மேலிருந்து தள்ளிவிட்டது. ஆபரேஷன் ஹேலிஃப்ட் என்று அதற்குப் பெயர்.

கன்றின் கதை தாயின் கதை இல்லை. தாயின் வயிற்றுக்குள் 39 டிகிரி. வெளியே மைனஸ் 10 என்று வைத்துக்கொள்வோம். சில நிமிடங்களில் கன்று ஐம்பது டிகிரி பள்ளத்தில் விழுகிறது, அதுவும் பனிக்குட நீரில் முழுக்க நனைந்த உடம்போடு. இங்கே ஒரு சின்னக் காகிதக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு லிட்டர் நீர் ஆவியாக ஏறத்தாழ 580 கிலோ கலோரி வெப்பம் வேண்டும். 35 கிலோ எடையுள்ள கன்றின் ரோமத்தில் ஒரு லிட்டர் ஈரம் இருந்து, அது முழுவதும் கன்றின் சூட்டைக்கொண்டே காய வேண்டுமானால், கன்றின் உடல்வெப்பம் 20 டிகிரி வரை இறங்க வேண்டியிருக்கும். நடப்பில் அப்படி ஆவதில்லை. கன்றும் சூட்டை உண்டாக்கிக்கொண்டே இருக்கிறது, காற்றும் வெயிலும் கொஞ்சம் உதவுகின்றன. ஆனால் எதிரி யார் என்பது இந்தக் கணக்கில் தெரிந்துவிடுகிறது. குளிர் அல்ல, ஈரம். காய்ந்த கன்று மைனஸ் 10இல் துள்ளிக்கொண்டிருக்கும். நனைந்த கன்று பூஜ்யத்துக்கு மேலேயே செத்துப்போகும்.

அந்த ஒரு லிட்டரைக் குறைக்கும் கருவி தாயின் நாக்கு. உப்புத்தாள் போன்ற சொரசொரப்பு அதற்கு. ஈன்ற களைப்பு தீருமுன்பே எழுந்து திரும்பி, முனகிக்கொண்டே கன்றை நக்கத் தொடங்கும். பனிக்குட நீரின் வாசமும் சுவையும் அந்த நேரத்துத் தாய்க்குத் தேன் மாதிரி. நக்க நக்க ஈரம் குறைகிறது, ஒட்டிக்கிடந்த ரோமம் சிலிர்த்து எழுந்து இடையில் காற்றைப் பிடித்துக்கொள்கிறது, மூச்சும் ரத்த ஓட்டமும் முடுக்கிவிடப்படுகின்றன. நாக்கின் தேய்ப்பில் தாயும் பிள்ளையும் ஒருவரையொருவர் அடையாளம் கண்டுகொள்வதும் நடந்துவிடுகிறது. இந்த நேரத்தில் மனிதர் குறுக்கே போகாமல் இருப்பதே பெரிய உதவி. முக்கியமாகத் தலையீற்றுக் கிடேரிகள். என்ன நடந்தது என்றே அவற்றுக்கு முழுசாகப் புரிந்திருக்காது; பக்கத்தில் ஆள் நடமாட்டம் தெரிந்தால் கன்றை விட்டு எழுந்து போய்விடும்.

கன்று வரும்போதே கையில் கொஞ்சம் எரிபொருளும் கொண்டுவருகிறது. சிறுநீரகங்களைச் சுற்றிலும் இன்னும் சில இடங்களிலும் பழுப்பு நிறக் கொழுப்பு இருக்கிறது. உடல் எடையில் ஒன்றரை, இரண்டு சதவீதம். 35 கிலோ கன்றில் அரை கிலோவுக்குச் சற்று மேல். சாதாரணக் கொழுப்பு சேமிப்புக் கிடங்கு என்றால் இது கணப்பு. இதன் செல்களில் தெர்மோஜெனின் என்று ஒரு புரதம் இருக்கிறது. எரிபொருளிலிருந்து வரும் சக்தியை உடம்பின் மற்ற வேலைகளுக்கு அனுப்பாமல், நேராக வெப்பமாக மாற்றிவிடுவது அதன் வேலை. உடல் நடுங்காமலே சூடு பிறக்கும். மனிதக் குழந்தைகளுக்கும் இந்தக் கொழுப்பு உண்டு. ஆனால் அரை கிலோ எத்தனை நேரத்துக்கு வரும்? சில மணிநேரம். அதற்குள் அடுத்த எரிபொருள் வந்தாக வேண்டும். அதுதான் சீம்பால்.

சீம்பால் என்றதும் நமக்கு வெல்லமும் ஏலக்காயும் சேர்த்து ஆவியில் அவித்த கட்டிதான் ஞாபகம் வருகிறது. எனக்கும் அப்படித்தான். அது கன்று குடித்து மிஞ்சியதாக இருக்கும்வரை பழுதில்லை. ஏனென்றால் கன்றுக்கு அது உணவு மட்டும் இல்லை. மனிதக் குழந்தை வயிற்றுக்குள் இருக்கும்போதே தாயின் ரத்தத்திலிருந்து நஞ்சுக்கொடி வழியாக நோய் எதிர்ப்பொருள்களைப் பெற்றுக்கொள்கிறது. பசுவின் நஞ்சுக்கொடியில் தாய் ரத்தத்துக்கும் கன்று ரத்தத்துக்கும் நடுவே அடுக்குகள் அதிகம். எதிர்ப்பொருள்கள் அவற்றைத் தாண்டுவதில்லை. கன்று ஆயுதமே இல்லாமல் பிறக்கிறது. அதற்கு வேண்டிய அத்தனையையும் தாய் மடியில் குவித்து வைத்திருக்கிறது.

அதை வாங்கிக்கொள்ளவும் ஒரு கெடு உண்டு. எதிர்ப்பொருள்கள் பெரிய புரத மூலக்கூறுகள். வளர்ந்த உயிரின் குடல் அவற்றைச் சிதைத்துச் செரித்துவிடும். புதுக் கன்றின் சிறுகுடல் செல்கள் மட்டும் அவற்றைச் சிதைக்காமல் முழுசாக உள்ளே விடுகின்றன. முதல் நான்கு மணிநேரம் கதவு நன்றாகத் திறந்திருக்கும். பிறகு மணிக்கு மணி ஒடுங்கி, ஏறத்தாழ 24 மணிநேரத்தில் சாத்திக்கொள்ளும். மறுநாள் குடிக்கும் சீம்பால் நல்ல பால்தான், கவசம் ஆகாது. கன்றின் ரத்த நீரில் ஒரு லிட்டருக்கு 10 கிராமாவது எதிர்ப்பொருள் சேர்ந்திருக்க வேண்டும் என்பது கால்நடை மருத்துவர்களின் குறைந்தபட்ச அளவுகோல்.

ஆக, பனியில் பிறந்த கன்றுக்கு ஒரே நேரத்தில் இரண்டு கெடு. சூடு தீர்வதற்குள் குடிக்க வேண்டும், கதவு சாத்துவதற்குள்ளும் குடிக்க வேண்டும். இரண்டும் ஒன்றையொன்று இழுத்துக் கவிழ்க்கக்கூடியவை. உடல்வெப்பம் இறங்கினால் சப்பும் உணர்வு மங்கும். சப்பாவிட்டால் சூடு இன்னும் இறங்கும். குளிர்ந்த குடல் எதிர்ப்பொருளை மெதுவாகத்தான் ஏற்கும். தாயின் காம்பு பனியில் வெந்து புண்ணாகியிருந்தால் அது வலியில் உதைக்கும். கன்று இரண்டு முறை முயன்றுவிட்டுப் படுத்துக்கொள்ளும்.

இந்தச் சுழலில் கன்று சிக்கியிருக்கிறதா என்று பார்க்க மாட்டுக்காரர்களிடம் எளிய கருவி இருக்கிறது, விரல். கன்றின் வாய்க்குள் விரலை விட்டால் சூடாக இருக்க வேண்டும், விரலைப் பிடித்துச் சப்ப வேண்டும். வாய் சில்லென்று இருந்தால் தெர்மாமீட்டரை எடுப்பார்கள். கன்றின் இயல்பான வெப்பம் 38.3 முதல் 39.4 டிகிரி வரை. 37.8க்குக் கீழே இறங்கினால் கவலை. 34.4க்கும் கீழே போய்விட்டால் உள்ளுறுப்புகளே குளிரத் தொடங்கிவிட்டன. அப்போது கன்றுக்கு நடுக்கமும் நின்றுபோயிருக்கும். நடுங்கும் கன்றைவிட நடுங்காமல் கிடக்கும் கன்றே அதிக ஆபத்தில் இருக்கிறது.

பிறகு நடப்பதெல்லாம் அவசரச் சிகிச்சை. பிக்கப் வண்டியின் முன்பக்கம், ஹீட்டர் காற்று காலில் அடிக்கும் இடத்தில் கன்றைக் கிடத்திக் கொண்டுபோவார்கள். அடிப்பக்கம் சூடான காற்று சுழலும் பெட்டியில் வைப்பார்கள். நிலைமை மோசமென்றால் உடம்புச் சூட்டளவு வெந்நீரில் கழுத்துவரை இறக்கி, தலையைக் கையில் தாங்கிப் பிடித்துக்கொண்டிருப்பார்கள். வீட்டுக் குளியல் தொட்டியில் கன்று கிடப்பது அந்தப் பக்கத்தில் யாருக்கும் ஆச்சரியமான காட்சி இல்லை. வெளியே எடுத்ததும் அடிவயிறு வரை முழுக்கத் துவட்டிக் காயவைத்த பிறகே திருப்பி அனுப்பலாம். ஈரக் கன்றை மறுபடி பனியில் விடுவது செய்த வேலையையெல்லாம் அழிப்பதற்குச் சமம். தாயிடமிருந்து கறந்த சீம்பாலை, சப்பமுடியாத கன்றுக்கு உணவுக்குழாய் வழியாக ஒரு மெல்லிய குழாயை இறக்கி வயிற்றுக்கே கொடுத்துவிடுவார்கள். இரண்டு மணிநேரத்துக்குள் எழுந்து நின்று குடிக்காத கன்றை இப்படிக் கவனித்தே ஆக வேண்டும் என்பது அவர்கள் கணக்கு.

சிரமப்பட்டுப் பிறந்த கன்று இன்னொரு வகை. மூச்சுத் திணறிக் கிடக்கும் கன்றைப் பின்னங்காலைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிட்டு, நுரையீரல் நீர் வடிகிறது என்று நினைப்பது பல நாடுகளில் பழக்கம். வடிவது பெரும்பாலும் வயிற்று நீர். குடல் முழுவதும் சரிந்து மூச்சுத்தசையை அழுத்துவதால் மூச்சுவிடுவது இன்னும் கஷ்டமாகிறது. கன்றை மார்பு தரையில் படும்படி நிமிர்த்தி உட்காரவைத்து, பின்னங்கால்களைத் தவளையைப்போல இருபக்கமும் மடக்கிவிட்டு, மூக்குத் துளையில் ஒரு வைக்கோலை விட்டுக் கிளறினால் போதும். அது தும்மும், தலையை உதறும், இழுத்து ஒரு மூச்சு விடும்.

இதெல்லாம் நடுநிசியில் நடந்தால் பார்க்க ஆள் வேண்டுமே? இங்கேதான் கனடாவின் மனிடோபா மாகாணத்தில் ஹெர்ஃபோர்டு மாடு வளர்த்த கஸ் கொனேஃபல் 1970களில் கண்டுபிடித்த ஒரு தந்திரம் உதவிக்கு வருகிறது. அவர் தீனி வைக்கும் நேரத்தை மாற்றினார். மதியத்தை ஒட்டி ஒரு முறை, இரவு பத்து மணி வாக்கில் ஒரு முறை. கன்றுகளில் 80 சதவீதம் காலை ஏழுக்கும் மாலை ஏழுக்கும் இடையே பிறந்தன. பிறகு அயோவா மாநிலத்தில் 15 பண்ணைகளில் 1,331 மாடுகளுக்கு ஒரே வேளையாக அந்திப் பொழுதில் தீனி வைத்துப் பார்த்தபோது, 85 சதவீதக் கன்றுகள் காலை ஆறுக்கும் மாலை ஆறுக்கும் இடையே வந்தன. ஈற்றுக்குச் சில மணிநேரம் முன்பு முதல் வயிற்றின் அசைவும் அழுத்தமும் குறைவது அளந்து பார்க்கப்பட்டிருக்கிறது. இரவில் தீனி விழுந்தால் இரவில் அந்த அழுத்தம் ஏறி, பகலில் இறங்குகிறது. ஈற்றும் பகலுக்குத் தள்ளிப்போகிறது. செலவே இல்லாத மருந்து. பகல் வெளிச்சத்தில் பிறந்த கன்று வெயிலில் காயும், ஆள் கண்ணிலும் படும்.

காற்றைத் தடுப்பது அடுத்த வேலை. கெட்டியான சுவர் எழுப்பினால் காற்று மேலேறி, அந்தப் பக்கம் சுழன்று விழுந்து, பனியையும் அங்கேயே கொட்டிவிடும். பலகைகளுக்கு நடுவே இடைவெளி விட்டு, நான்கில் ஒரு பங்கு திறந்திருக்கும்படி அடித்த வேலிதான் வேலைசெய்கிறது. கொஞ்சம் காற்றை உள்ளே கசியவிட்டால் மீதிக் காற்று அடங்கிவிடும். வேலியின் உயரத்தைப்போல எட்டு பத்து மடங்கு தூரம் வரை அதன் பாதுகாப்பு உண்டு. மரவரிசை இதைவிட நல்லது. ரூஸ்வெல்ட் அதிபராக இருந்தபோது 1934 முதல் 1942 வரை இந்தச் சமவெளிகளில் 20 கோடிக்கும் அதிகமான மரங்களைக் காற்றுத்தடுப்பு வரிசைகளாக நட்டார்கள். புழுதிப்புயலுக்காக நட்ட மரங்களின் நிழலில் கன்றுகளும் ஒதுங்கிக்கொண்டன. இன்று அமெரிக்காவின் தேசிய வானிலைச் சேவை, குளிர், காற்று, ஈரப்பதம், மழை, வெயில் எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்கிட்டு, புதிதாகப் பிறந்த கால்நடைகளுக்கென்றே தனியாகக் குளிர் எச்சரிக்கை தருகிறது. நமக்கு மீனவர்களுக்கான எச்சரிக்கை மாதிரி.

இத்தனையும் படித்தால் யாருக்கும் தோன்றும் யோசனை ஒன்றுதான். சினைமாடுகளையெல்லாம் காற்று படாத ஒரு பட்டியில் சேர்த்து, வைக்கோலைப் பரப்பி, அங்கேயே ஈனவைத்தால் என்ன? பல காலம் அப்படித்தான் செய்தார்கள். கன்றுகள் குளிரில் சாவது குறைந்தது. கழிச்சலில் சாவது கூடியது.

கழிச்சலைக் கொண்டுவரும் கிருமிகளில் ஈ.கோலையின் ஒரு வகை முதல் சில நாட்களில் தாக்கும். ரோட்டா வைரஸ், கொரோனா வைரஸின் மாட்டு வகை, கிரிப்டோஸ்போரிடியம் என்னும் ஒட்டுண்ணி மூன்றும் முதல் வாரத்துக்குப் பிறகு, மூன்றாம் வாரத்துக்குள் வரும். இவை எங்கிருந்தோ வருபவை அல்ல. ஆரோக்கியமாகத் தெரியும் தாய்மாடுகளின் சாணத்திலேயே கொஞ்சம் இருக்கும். முதலில் பிறந்த கன்றுகளுக்கு அந்தக் கொஞ்சத்தால் பெரிய தீங்கில்லை. ஆனால் ஒவ்வொரு கன்றின் குடலும் கிருமிக்கு ஒரு பட்டறை. வாங்கியதை லட்சக்கணக்கில் பெருக்கி வெளியே தள்ளும். கல்யாண வீட்டில் முதல் பந்திக்கு இலை சுத்தமாக இருக்கும். அந்த எச்சில் இலையை எடுக்காமலே அடுத்தடுத்த பந்தியை உட்காரவைத்தால் கடைசிப் பந்தியின் கதி என்ன? ஈற்றுப் பட்டியில் மார்ச் கடைசியில் பிறந்த கன்றுகளுக்கு அதுதான் நேர்ந்தது. மருந்தை மாற்றினார்கள், தடுப்பூசியை மாற்றினார்கள். பருவத்தின் பின்பாதியில் சாவு நிற்கவில்லை.

2000ஆம் ஆண்டு வாக்கில் நெப்ராஸ்கா பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவர் டேவிட் ஸ்மித்தும் சகாக்களும் அங்குள்ள பண்ணைகளோடு சேர்ந்து ஒரு வழி கண்டார்கள். இன்று அதற்கு சாண்ட்ஹில்ஸ் ஈற்று முறை என்றே பெயர். அதன் அழகு, எதைச் செய்கிறது என்பதில் இல்லை, யாரை நகர்த்துகிறது என்பதில் இருக்கிறது. எல்லோரும் பிறந்த கன்றை நகர்த்துவார்கள். இவர்கள் ஈனாத மாட்டை நகர்த்தினார்கள். எல்லாச் சினைமாடுகளும் முதல் நிலத்தில் தொடங்கும். இரண்டு வாரம் கழித்து, இன்னும் ஈனாதவற்றை மட்டும் பிரித்து, அந்த ஆண்டு மாடே படாத இரண்டாவது நிலத்துக்கு ஓட்டுவார்கள். ஈன்றவை கன்றுகளோடு இருந்த இடத்திலேயே இருக்கும். ஒரு வாரம் கழித்து மறுபடி ஈனாதவை மூன்றாவது நிலத்துக்கு. இப்படியே வாரம் ஒரு நிலம். ஒரே நிலத்தில் உள்ள கன்றுகளுக்குள் வயது வித்தியாசம் முதல் நிலத்தில் இரண்டு வாரத்துக்கும், மற்றவற்றில் ஒரு வாரத்துக்கும் மேல் போவதில்லை. முந்தைய நிலத்துக் கன்று பெருக்கித் தள்ளிய கிருமி, இன்று பிறந்த கன்றின் வாய்க்கு எட்டுவதே இல்லை. ஒவ்வொரு கன்றும் முதல் பந்தியில் உட்காருகிறது. கடைக்குட்டிக்கு நான்கு வாரம் ஆனதும் மந்தைகளை ஒன்றாகக் கலந்துவிடலாம். முதலில் செய்துபார்த்த பண்ணைகளில் கழிச்சல் சாவு ஏறத்தாழ இல்லாமலே போனது.

எனக்கு இதில் பிடித்தது அதன் சோம்பேறித்தனம். பிறந்த கன்றையும் தாயையும் பனியில் ஓட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், கன்று நடுவழியில் படுத்துக்கொள்ளும், தாய் கன்றைத் தேடி ஈன்ற இடத்துக்கே திரும்பி ஓடும். சினைமாட்டுக்கு அந்தத் தொல்லை இல்லை, தீனி வண்டியின் பின்னால் தானே நடந்து வரும். ஒரு குறையும் உண்டு. ஏழெட்டு நிலம் வேண்டும், ஒவ்வொன்றிலும் தண்ணீரும் காற்றுத்தடுப்பும் வேண்டும். சாண்ட்ஹில்ஸில் நிலத்துக்குப் பஞ்சமில்லை. பத்து சென்ட் கொல்லையில் இரண்டு பசு வைத்திருப்பவருக்கு இந்த முறை அப்படியே பொருந்தாது. ஆனால் முதல் கன்றைக் கட்டிய இடத்திலேயே அடுத்த கன்றையும் கட்டாமல் இருக்க அவராலும் முடியும்.

அதையும் மீறிக் கழிச்சல் வந்த கன்றைக் கொல்வது பெரும்பாலும் கிருமி இல்லை, நீரிழப்பு. கண் குழிவிழும், கழுத்துத் தோலைக் கிள்ளி விட்டால் மெதுவாகத்தான் திரும்பும். உப்பும் குளுக்கோசும் சேர்ந்த நீர் கொடுத்தால், கழிச்சல் நிற்காதபோதும் குடல் நீரை உறிஞ்சும். குடல் சுவரில் சோடியமும் குளுக்கோசும் ஒரே வாசல் வழியாகக் கைகோத்து நுழைகின்றன, நீர் அவற்றின் பின்னால் வருகிறது. 1971இல் வங்கதேச அகதிகள் முகாமில் மருத்துவர் திலீப் மகலானபிஸ் காலராவுக்கு எதிராகப் பெரிய அளவில் பயன்படுத்தியதும் இதே வாசலைத்தான். பாலை மட்டும் நிறுத்திவிடக் கூடாது. உப்புநீரில் உயிர் நிற்கும், சூடு வராது. பனியில் கிடக்கும் கன்றுக்குச் சூடு பாலிலிருந்துதான்.

எல்லாம் செய்தும் சில கன்றுகள் போய்விடும். அன்று இன்னொரு பசு இரட்டைக் கன்று ஈன்றிருக்கலாம்; அல்லது தாயை இழந்த கன்று ஒன்று இருக்கலாம். அப்போது மாட்டுக்காரர் செத்த கன்றின் தோலை உரித்து, அதை ஒரு சட்டையைப்போல அநாதைக் கன்றின் முதுகில் கட்டி, கன்றை இழந்த தாயின் முன் விடுவார். முதல் நாட்களில் தாய் கன்றை அறிவது கண்ணைவிட மூக்கால். அது வாலடியை மோந்து பார்க்கும், தன் பிள்ளையின் வாசம் இருக்கும், குடிக்க விடும். சில நாட்களில் அதன் பாலே இந்தக் கன்றின் உடம்பில் வாசமாக ஏறிவிடும்; தோலைக் கழற்றிவிடலாம். படித்தபோது எனக்கு நம் ஊர்த் தோற்கன்று நினைவுக்கு வந்தது. செத்த கன்றின் தோலில் வைக்கோலைத் திணித்துப் பசுவின் முன் நிறுத்திக் கறக்கும் அந்தப் பழைய வழக்கம். மூக்கின் அதே நம்பிக்கையை நாம் பாலுக்குப் பயன்படுத்தினோம். அங்கே தோலுக்குள் இருப்பது உயிருள்ள கன்று.

குளிர்காலத்தில் ஈனவைத்துவிட்டு அப்புறம் ஏன் இத்தனை பாடு என்ற கேள்வியை அவர்களே கேட்டுக்கொண்டார்கள். விட்மன் என்ற ஊருக்கு அருகே நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தின் குட்மண்ட்சென் ஆய்வுப் பண்ணையில், மார்ச்சில் ஈனும் மந்தையையும், ஈற்றை மே, ஜூனுக்குத் தள்ளிப்போட்ட மந்தையையும் பல ஆண்டுகளாக ஒப்பிட்டு வருகிறார்கள். தாமதமாக ஈனும் மாட்டுக்குப் பால் சுரக்கும் நேரமும் புல் தழைக்கும் நேரமும் ஒன்றாக வருகின்றன. குளிர்காலத்தில் வாங்கிப்போடும் தீனி குறைகிறது. ஆனால் இலையுதிர் காலத்தில் கன்று இளசாக, எடை குறைந்து நிற்கும். லாபம் எந்தப் பக்கம் என்பது ஆண்டுக்கு ஆண்டு, உலர்புல் விலைக்கும் கன்று விலைக்கும் ஏற்ப மாறுகிறது. இதே சமவெளியில் காலங்காலமாக மேய்ந்த காட்டெருமைகள் ஏப்ரல் நடுவிலும் மே மாதத்திலும்தான் ஈன்றன. அவற்றுக்கு நவம்பர் சந்தை கிடையாது.

2019 மார்ச் நடுவில் அந்த விவாதம் சூடுபிடித்தது. ஈற்றுப் பருவத்தின் நடுவே பெரும் புயல் ஒன்று நெப்ராஸ்காவின் மேல் வந்து நின்றது. உறைந்து கிடந்த, நீரை உறிஞ்ச முடியாத மண்ணில் முதலில் மழை. பிறகு அதே புயலின் மேற்குப் பக்கத்தில் பனியும் பேய்க்காற்றும். கிழக்கே ஆறுகள் கரை உடைத்தன. நனைந்த மாடுகள், நனைந்த கன்றுகள். மழைக்குத்தான் பயப்பட வேண்டும் என்று அவர்கள் சொன்னது அன்று சரியாகிப்போனது. அதற்குப் பின் சிலர் ஈற்றை ஏப்ரலுக்கும் மே மாதத்துக்கும் தள்ளினார்கள். பலர் மறுபடியும் மே நடுவில் காளையை அவிழ்த்துவிட்டார்கள்.

அவர்களில் ஒருவர் விடியலில் மூன்றாவது நிலத்துக்குள் வண்டியை ஓட்டிக்கொண்டு போகிறார் என்று வைத்துக்கொள்வோம். நேற்று பிறந்த கன்று ஒன்று புல்மேட்டின் காற்று படாத சரிவில் சுருண்டு கிடக்கிறது. தாய் சற்றுத் தள்ளி நின்று முறைக்கிறது. அவர் இறங்கி, பூட்ஸ் முனையால் கன்றின் பின்பக்கத்தை லேசாகத் தள்ளுகிறார். குளிரில் இருக்கிற கன்று, பசித்த கன்று, காதைத் தொங்கவிட்டு முதுகைக் கூனிக்கொண்டு நிற்கும். இது எழுந்ததும் முன்னங்காலை நீட்டி, முதுகை வளைத்து, வால் நுனிவரை நெளிந்து சோம்பல் முறிக்கிறது. வயிறு நிறைந்திருக்கிறது. அவர் பனியைத் தட்டிவிட்டு வண்டியில் ஏறி அடுத்த சரிவுக்குப் போகிறார்.